முதல் தடவை பறக்கப் போற அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு: எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை?

கார்மேகம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு ஃப்ளைட்ல போறேன். 68 வயசு, இதுவரைக்கும் விமானம் ஏறினதே இல்ல. டிக்கெட் போட்டாச்சும்மான்னு சொன்னதும் அவங்க கேட்ட முத கேள்வி, சீட்டு ஜன்னலோரமா? மேகத்தோட அடிப்பக்கத்த மட்டுமே பாத்து இத்தன வருசம் ஓடிப்போச்சு, மேல்பக்கம் எப்டி இருக்கும்னு ஒரு தடவ பாத்துடணும்னாங்க. அதக் கேட்டதுலேர்ந்து இத ஏனோதானோனு விட எனக்கு மனசில்ல.

பயத்துக்குக் காரணம் இருக்கு. போன தடவ நான் மட்டும் போனப்ப ஜன்னல் சீட்டுக்குன்னே தனியா காசு கட்டி எடுத்தேன், போய் உக்காந்தா பக்கத்துல ஜன்னலே இல்ல, வெறும் பிளாஸ்டிக் சுவரு. முன் சீட்டுக்காரரோட ஜன்னல்ல கொஞ்சூண்டு எட்டிப் பாத்துட்டு ரெண்டு மணி நேரம் சுவத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். எனக்கு நடந்தது பரவால்ல, அம்மாவுக்கு அப்டி நடக்கக் கூடாது.

விவரம் சொல்றேன். போறது வடக்குலேர்ந்து தெற்க பாத்து, 3 மணி நேரம். காலைல 6:30க்கு கிளம்பி 9:30க்கு இறங்குது. வழி பூரா மேற்குப் பக்கம் மலைத்தொடர் வரும். இறங்கற ஊர் கடலோரம், கடல் கிழக்க இருக்கு, ரன்வே கிழக்கு மேற்கா கெடக்கு. திரும்பி வர்றது அதே வழிதான், சாயங்காலம் 5 மணிக்கு. ரெண்டும் ஏர்பஸ் ஏ320 விமானம், இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணு சீட்டு. எந்தப் பக்கம் எடுக்கறது, எத்தனையாவது வரிசை? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.


திசைகாட்டி எழுதியது:

நண்பா, நீங்க திசையும் நேரமும் சேத்து சொன்னதே பாதி வேலைய முடிச்சிடுச்சு. நெறைய பேரு எந்த ஊருலேர்ந்து எந்த ஊருக்குனு மட்டும் சொல்லிட்டு நல்ல சீட்டு எதுன்னு கேப்பாங்க, அதே வழில காலைல நல்லாருக்கற பக்கம் சாயங்காலம் கண்ணு கூசி ஜன்னல் மறைப்ப (ஷேட) இறக்கிவிட வேண்டிய பக்கமா ஆயிடும்.

மொதல்ல கைய வச்சுப் பாருங்க. தெற்க பாத்து நின்னா இடது கை கிழக்கு, வலது கை மேற்கு. சீட்டு எழுத்து விமானத்தோட மூக்க பாத்து இடதுலேர்ந்து ஆரம்பிக்கும், அதனால ஏ இடது ஓரம், ஏ320ல எஃப் வலது ஓரம். ரெண்டு நடைபாதை இருக்கற பெரிய விமானம்னா வலது ஓரம் பெரும்பாலும் கே, அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

காலைல போறப்ப சூரியன் கிழக்க, அதாவது உங்க இடது பக்கம். ஏ எடுத்தீங்கன்னா மூணு மணி நேரமும் வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும், ஜன்னல் அக்ரிலிக்ல இருக்கற ஒவ்வொரு கீறலும் பளபளன்னு எரியும், வெளிய இருக்கறது வெளுத்துப் போய்த்தான் தெரியும். எஃப் எடுத்தா வெயிலு உங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து போயி மலைமேல விழும். காலை வெயிலு சாய்வா விழறதால ஒவ்வொரு மடிப்பும் நிழலோட எடுப்பாத் தெரியும், மத்தியான வெயில்ல பாத்தா அதே மலை தட்டையா இருக்கும். உங்களுக்கு மலையும் மேற்குலயே இருக்கு, சூரியனும் எதிர்ப்பக்கத்துல இருக்கு, இப்டி ரெண்டும் ஒத்து வர்றது லேசுல அமையாது. யோசிக்காம எஃப் போடுங்க.

இன்னொன்னு இருக்கு, இதுக்காகவே நான் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் உக்காருவேன். கீழ மேகம் பரவிக் கெடந்தா அதுமேல உங்க விமானத்தோட நிழல் விழும், அந்த நிழலச் சுத்தி வட்டமா வானவில் மாதிரி வளையம் தெரியும். இங்கிலீஷ்ல குளோரின்னு சொல்றது அதத்தான். மேகத்துல இருக்கற ரொம்பச் சின்ன நீர்த்துளிங்க வெளிச்சத்த வந்த வழியே திருப்பி அனுப்பறதால வர்றது, அதனால சூரியனுக்கு நேர் எதிர்த் திசைல மட்டுந்தான் தெரியும், சூரியன் பக்கம் உக்காந்தவங்களுக்கு அந்தப் பயணத்துல அது கெடையவே கெடையாது. அந்த வளையத்தோட நடுவுல உன்னிப்பா பாருங்க, நிழல்ல சரியா நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் நடு இருக்கும். முன்னாடி உக்காந்தா நிழலோட மூக்குக்கிட்ட, பின்னாடி உக்காந்தா வாலுகிட்ட. மேகம் ரொம்ப கீழ இருந்தா நிழல் தெரியாது, வளையம் மட்டும் தனியா ஓடிவரும். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, கிளம்பி அரைமணி ஒருமணி நேரத்துல சூரியன் கொஞ்சம் ஏறினதும் கீழ்நோக்கி சாய்வா பாக்கச் சொல்லுங்க. எங்க தேடணும்னு தெரியாதவங்க கண்ணுல அது படாமலே போயிடும்.

காலை ஃப்ளைட் எடுத்ததும் நல்லது. வெயிலு ஏற ஏறத்தான் தரை சூடாகி குவியல் மேகம் கட்டும், காலைல கீழ தரை தெளிவா தெரியற வாய்ப்பு கூட.


வரிசைக்கணக்கு எழுதியது:

பக்கம் அவரு சொல்லிட்டாரு, வரிசைய நான் சொல்றேன்.

உங்களுக்கு ஜன்னல் இல்லாம சுவரு வந்ததுக்குக் காரணம் ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். முத காரணம், ஜன்னல் எங்க வரணும்னு விமானம் செய்யறவங்க முடிவு பண்றாங்க, சீட்டு எங்க வரணும்னு விமான கம்பெனி முடிவு பண்ணுது, ரெண்டு பேரும் கலந்து பேசறதில்ல. விமான உடம்புக்கு விலா எலும்பு மாதிரி இருக்கற சட்டம் ஏர்பஸ் ஏ320ல 21 இஞ்ச்சுக்கு ஒண்ணு, போயிங் 737ல 20 இஞ்ச்சுக்கு ஒண்ணு, அந்த இடைவெளிலதான் ஜன்னல் வெட்டுவாங்க. சீட்டு வரிசையோ 28லேர்ந்து 32 இஞ்ச் வரைக்கும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதனால ஒரு வரிசைக்கு ரெண்டு ஜன்னல் கிடைக்கும், அடுத்த வரிசைக்கு ஜன்னல் தோளுக்குப் பின்னாடி போயிடும்.

ரெண்டாவது காரணம் 737க்கே உரியது. இடது பக்கம் றெக்கைக்கு கொஞ்சம் முன்னாடி, பொதுவா 9லேர்ந்து 12வது வரிசைக்குள்ள, வயித்துல இருக்கற ஏசிலேர்ந்து கூரைக்கு காத்து கொண்டுபோற குழாய் சுவத்துக்குள்ள ஏறும். அந்த இடத்துல ஜன்னலே வைக்க மாட்டாங்க. ஆனா புக்கிங் மேப்ல அதையும் விண்டோ சீட்டுன்னே காட்டி காசும் வாங்கிடுவாங்க. நீங்க அன்னிக்கு போனது 737ஆ இருந்தா அனேகமா இதுதான்.

இதுக்கு வழி இருக்கு. ஏரோலோபான்னு ஒரு சைட், அதுல விமானத்தோட சீட்டுப் படத்துல ஜன்னல் ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு அளவோட வரஞ்சிருப்பாங்க. உங்க விமான கம்பெனி, விமான வகை ரெண்டையும் பாத்து திறந்தா எந்த வரிசைல ஜன்னல் கண்ணுக்கு நேரா வருதுன்னு தெரிஞ்சிடும். சீட்ட சாய்க்காம நிமிர்ந்து உக்காந்தா முகம் சீட்டு முதுகுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கும், ஜன்னல் அங்கயோ இல்ல அதுக்கும் கொஞ்சம் முன்னாடியோ இருக்கணும். தோளுக்கு பின்னாடி இருந்தா கழுத்து வலிதான் மிச்சம்.

ஏ320ல 30 வரிசை போட்டிருந்தா றெக்கை தோராயமா 9, 10லேர்ந்து 18, 19 வரைக்கும் கீழ்ப்பார்வைய அடைச்சுக்கும். 7, 8லயே கீழ இன்ஜின் வந்து நிக்கும். அதனால 3லேர்ந்து 6க்குள்ள கிடைச்சா அதுதான் தேன். பின்னாடி வேணும்னா 22க்கு மேல போங்க, ஆனா அங்க ஒரு குறை இருக்கு, இன்ஜின் புகையோட சூடு காத்துல கலந்து ஓடறதால றெக்கைக்கு பின்னாடி பாக்கறப்ப முன்பக்கக் காட்சி லேசா நெளியும், அடுப்புக்கு மேல பாத்தா எதிர்சுவரு ஆடுமே அந்த மாதிரி. கண்ணுக்கு பெருசா தெரியாது, போட்டோல தெரியும்.

முன் வரிசைக்கு காசு கூட கேப்பாங்க. நாலு இடத்துல மிச்சம் புடிச்சு இங்க போடுங்கன்னுதான் நான் சொல்வேன். முத வரிசை மட்டும் வேணாம், பைய காலுகிட்ட வைக்க விட மாட்டாங்க, மேல வச்சுட்டா நடுவுல கண்ணாடி மாத்திர எதுவும் எடுக்க முடியாது.


றெக்கையோரம் எழுதியது:

எல்லாரும் றெக்கைய என்னமோ இடைஞ்சல் மாதிரியே பேசறீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் வேணும்னே 17, 18 கேட்டு வாங்கறவன். கிளம்பறதுக்கு முன்னாடி ஃப்ளாப்னு சொல்ற றெக்கையோட பின்பலகை கீழ இறங்கி நீளறது, மேல போனதும் உள்ள மடங்கறது, இறங்கி சக்கரம் தரைல பட்ட அதே நொடி றெக்கை மேல பலகை பலகையா எழுந்து நிக்கறது, இதெல்லாம் றெக்கையோட பின் ஓரத்துக்கிட்ட உக்காந்தாத்தான் தெரியும். ஈரக்காத்து நாள்ல றெக்கை மேல திடீர்னு வெள்ளையா ஆவி புடிச்சு மறையும், பாத்துக்கிட்டே இருக்கலாம்.

அதவிட முக்கியம், அம்மாவுக்கு முதல் தடவைன்னு சொல்றீங்க. ஆட்டம் கம்மியா தெரியற இடம் றெக்கைகிட்டதான், விமானத்தோட எடை மையம் அங்க இருக்கறதால. வாலுகிட்ட உக்காந்தா குலுக்கல் நல்லா தெரியும். பின்னாடி 22க்கு மேலன்னு சொல்றதுக்கு முன்னாடி பயந்த சுபாவமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. பயந்து கண்ண மூடிக்கிட்டா எந்தப் பக்கம் உக்காந்து என்ன?

றெக்கைக்கு நேரா உக்காந்தா நேர் கீழதான் தெரியாது, தூரத்து மலையும் தொடுவானமும் தெரியத்தான் செய்யும். ஒரு வளைவுல விமானம் சாஞ்சா மொத்த பூமியும் ஜன்னலுக்கு வரும்.


கார்மேகம் எழுதியது:

ரொம்ப நன்றி. அம்மாகிட்ட கேட்டேன், பயமெல்லாம் ஒண்ணுமில்ல, கீழ பாக்கணும்னாங்க. போறதுக்கு 5எஃப் போட்டுட்டேன், படத்துல பாத்தா 4க்கு ஜன்னல் பின்னாடி போகுது, 5க்கு முகத்துக்கு நேரா வருது. இந்த விஷயம் தெரியாம நான் 4தான் எடுக்கறதா இருந்தேன்.

திரும்பி வர்றதுதான் குழப்பம். வடக்க பாத்து வர்றப்ப மலை இடது பக்கம், சூரியனும் அதே பக்கம்தான் விழுது. திசைகாட்டி சொன்ன கணக்குப்படி எதிர்ப்பக்கம் எஃப்ல உக்காரணும், ஆனா அங்க மலையும் இல்ல அஸ்தமனமும் இல்ல. 5 மணிக்கு கிளம்பறோம், தரைல அஸ்தமனம் 6:15. எது சரி? அப்புறம் இறங்கறப்ப கடல் தெரியுமா தெரியாதான்னு முன்னாடியே கண்டுபுடிக்க முடியுமா?


அந்திநேரம் எழுதியது:

அஸ்தமன ஃப்ளைட்டுக்கு கணக்கு வேற தம்பி. வெயிலு கூசறது கிளம்பி முத முக்கால் மணி நேரந்தான், அதுக்குப் பிறகு சூரியன் தணிஞ்சதும் இடது பக்கந்தான் பாக்கியம். மலை வெயில்ல தெரியாது, ஆனா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்கடுக்கா கருநீல நிழலா நிக்கும், பள்ளத்தாக்குல பனிமூட்டம் இருந்தா அது மட்டும் தங்கமா தெரியும். ஏ போடுங்க.

நேரத்த மட்டும் கொஞ்சம் திருத்திக்கோங்க. மேல 35,000 அடில இருக்கறப்ப தொடுவானம் உங்களுக்கு கீழ இறங்கிடும், சுமார் 370 கிலோமீட்டர் தூரத்துக்கு பாக்கறீங்க, அதனால கீழ இருக்கறவங்களுக்கு சூரியன் மறைஞ்ச பிறகும் உங்களுக்கு பத்து பன்னெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும். கீழ ஊர்ல விளக்கு ஏத்திட்டாங்க, மேல றெக்கை நுனி இன்னும் சிவப்பா வெயில்ல இருக்கும். இத அம்மாகிட்ட காட்டுங்க.

மேற்க பாத்து பறக்கறவங்களுக்கு இன்னும் அதிகம். நிலநடுக்கோட்டுல பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, ஆனா 60 டிகிரி அட்சரேகைல அது பாதி, 835தான். விமானம் போறதும் கிட்டத்தட்ட அதே வேகம். அதனால வடக்கே தள்ளி மேற்க போற விமானத்துல அஸ்தமனம் மணிக்கணக்குல அப்டியே நிக்கும். ஒரு தடவ எனக்கு அது வாய்ச்சுது, ரெண்டு மணி நேரம் ஒரே ஆரஞ்சுக் கோடு, நான் சாப்பாட்டு ட்ரேய திறக்கவே இல்ல.

உங்களுக்கு இன்னொரு காட்சி இருக்கு, பெரும்பாலானவங்க கோட்டை விடறது. சூரியன் மறைஞ்சதும் எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அப்ப எதிர்ப்பக்கம், கிழக்க, தொடுவானத்துலேர்ந்து ஒரு கருநீலப் பட்டை மெல்ல மேல ஏறும், அதுக்கு மேல இளஞ்சிவப்பா ஒரு பட்டை. அந்தக் கருநீலம் பூமியோட நிழல். நம்ம பூமியோட நிழலு காத்து மண்டலத்து மேல விழறத நேர்ல பாக்கறோம். தரைலேர்ந்தும் தெரியும், ஆனா தூசியும் கட்டடமும் அத மறைச்சிடும், மேலேர்ந்து பாத்தா கோடு போட்ட மாதிரி இருக்கும். ஒரு பதினஞ்சு நிமிஷம் இருக்கும், பிறகு ராத்திரில கரஞ்சிடும்.

நீங்க ஏ சீட்டுல இருந்துக்கிட்டு அத எப்டி பாக்கறதுன்னா, சீட்பெல்ட் விளக்கு அணைஞ்சிருக்கறப்ப பின்பக்கக் கதவுகிட்ட போங்க, கதவுல ஒரு சின்ன வட்ட ஜன்னல் இருக்கும். கேபின் க்ரூகிட்ட, அம்மாவுக்கு முதல் பயணம், ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துக்கலாமான்னு கேளுங்க. அவங்க வேலையா இல்லாதப்ப கேட்டா பெரும்பாலும் முகம் மலர்ந்து சரிம்பாங்க. கதவு கைப்புடில மட்டும் கை வைக்காதீங்க.

போட்டோ எடுக்கறதா இருந்தா ஃபிளாஷ அணைச்சிடுங்க, ஃபோன ஜன்னல் கண்ணாடிய ஒட்டி பிடிங்க ஆனா அதுமேல சாய்க்காதீங்க, இன்ஜின் அதிர்வு கைக்கு ஏறிடும். கருப்பு சட்டையோ சால்வையோ சுத்தி பிடிச்சா உள் விளக்கு கண்ணாடில அடிக்காது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு பாத்தா ஜன்னல் பூரா வானவில் கலரு திட்டுத் திட்டா தெரியும், ஜன்னல்ல கோளாறு இல்ல, அக்ரிலிக் இழுவிசைல இருக்கறதால வர்றது, கூலிங் கிளாஸ கழட்டிடுங்க. ஜன்னலோட கீழ்ப்பக்கம் ஒரு குண்டூசி ஓட்டை இருக்கும், அதச் சுத்தி பனிப்பூ பூக்கும். அதப் பாத்து அம்மா பயந்துடாம முன்னாடியே சொல்லிடுங்க, நடுக்கண்ணாடில வேணும்னே போட்ட ஓட்டை, உள்காத்தழுத்தத்த வெளிக்கண்ணாடி மட்டும் தாங்கறதுக்கும், கண்ணாடி மூடுபனி கட்டாம இருக்கறதுக்கும்.


திசைகாட்டி எழுதியது:

அந்திநேரம் சொன்னதுக்கு மறுபேச்சே இல்ல, வர்றப்ப ஏ சீட்டுதான்.

கடல் தெரியுமான்னு கேட்டீங்க. விமானம் பொதுவா காத்துக்கு எதிராத்தான் இறங்கும். ரன்வே கிழக்கு மேற்கான்னு சொன்னீங்க, அப்ப ஒரு முனைல 09ன்னும் மறு முனைல 27ன்னும் இல்ல அதுக்கு பக்கத்து எண்ணும் எழுதியிருக்கும், திசைய டிகிரில எடுத்து பத்தால வகுத்தது. 09ன்னா கிழக்க பாத்து, 27ன்னா மேற்க பாத்து. காத்து மேற்குலேர்ந்து அடிச்சா விமானம் கடல் மேல போயி திரும்பி, 27ல மேற்க பாத்து இறங்கும். வடக்குலேர்ந்து வர்ற நீங்க கடல் மேல தெற்க போறப்ப கரை உங்க வலது பக்கம், 5எஃப்க்கு நேரா. காத்து கிழக்குலேர்ந்து அடிச்சா ஊர் பக்கத்துலேர்ந்தே இறங்கிடுவாங்க, கடல் உங்களுக்கு சரியா தெரியாது.

கடலோர ஊர்ல பொதுவா ராத்திரிலயும் விடியக்காலையும் தரைலேர்ந்து கடலுக்கு காத்து, வெயிலேறினதும் கடல்லேர்ந்து தரைக்கு. 9:30ங்கறது அது மாறப்போற நேரம், சத்தியம் பண்ண முடியாது. ஃப்ளைட்ரேடார்24ங்கற சைட்ல உங்க ஃப்ளைட் எண்ண போட்டா போன ஒரு வாரம் அது எந்த வழில போச்சு, எந்தப் பக்கமா இறங்குச்சுன்னு கோடு கோடா காட்டும். ஏழு நாளையும் பாருங்க. அஞ்சு நாள் கடல் வழியா வந்திருந்தா நம்பி உக்காரலாம்.

பேர்போன வழிங்களுக்கு இதெல்லாம் ஏற்கனவே எல்லாருக்கும் பழக்கம். டெல்லிலேர்ந்து காட்மாண்டு போறவங்க இடது பக்கம் அடிச்சுக்குவாங்க, இமயமலை வடக்க வரிசையா வரும். திரும்பறப்ப வலது. காட்மாண்டுலேர்ந்து பூட்டான்ல இருக்கற பாரோ போறப்பவும் இடதுதான், 8,849 மீட்டர் எவரெஸ்ட் அந்தப் பக்கம். டோக்கியோ ஹனேடாலேர்ந்து ஒசாகா பக்கம் போனா ஃபூஜி மலை வலது பக்கம். ஆனா கடல் தாண்டற தூர வழிங்கள இப்டி அடிச்சு சொல்ல முடியாது. ஐரோப்பாலேர்ந்து வட அமெரிக்கா போறப்ப கிரீன்லாந்து பனி தெரியுமாங்கறது அன்னிக்கு உயரத்துல வேகமா ஓடற ஜெட் காத்து எங்க ஓடுதுன்னு பாத்து தினம் தினம் போடற தடத்தப் பொறுத்தது, நேத்து தெரிஞ்சது இன்னிக்கு ஐநூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.


மெல்லிறகு எழுதியது:

யாரும் சொல்லாத ஒண்ணு. கடைசி நேரத்துல விமானத்த மாத்திடுவாங்க, ஏ320 போட்ட இடத்துல வேற வகை வந்து நிக்கும். செக்-இன் பண்றப்ப ஒரு தடவ, முந்தின ராத்திரி ஒரு தடவ சீட்டு மேப்ப திறந்து பாருங்க. சின்ன வழில ஏடிஆர் 72ங்கற ப்ரொப்பல்லர் விமானம் வந்துச்சுன்னா மேல சொன்ன வரிசைக்கணக்கெல்லாம் தலகீழ். அதுல றெக்கை தலைக்கு மேல, கீழ எதுவும் மறைக்காது, முன்பாதில மட்டும் ப்ரொப்பல்லரும் இன்ஜினும் குறுக்க நிக்கும், பின்வரிசைதான் நல்லது. தாழ்வா பறக்கறதால வீடு, ஆறு, வரப்பு எல்லாம் எண்ணலாம். மலை பாக்க எனக்கு அத மாதிரி விமானம் வேற இல்ல.

பெரிய விமானம்னா போயிங் 787. ஜன்னல் சுமார் 47 செ.மீ. உயரம், நடு சீட்டுக்காரருக்கும் வானம் தெரியும். ஆனா ஷேடு கெடையாது, பட்டன் அமுக்கினா கண்ணாடியே கருக்கும், ராத்திரி ஃப்ளைட்ல க்ரூ மொத்தமா கருக்கிட்டா நம்ம கைல ஒண்ணுமில்ல. ஏ380 மேல்தளத்துல ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவுல சாமான் பெட்டி இருக்கும், ரொம்ப வசதி, ஆனா ஜன்னல் ஒரு கை தூரம் தள்ளிப் போயிடும், கீழ்ப்பார்வை குறைச்சல்.

அப்புறம் ஒரு துணி எடுத்துட்டுப் போங்க. உக்காந்ததும் மொத வேலையா உள்கண்ணாடிய மெதுவா தொடைங்க. முன்னாடி உக்காந்தவங்க தலை சாஞ்சு தூங்கின எண்ணெய் திட்டு எப்பவும் சரியா கண்ணு மட்டத்துலதான் இருக்கும்.


கார்மேகம் எழுதியது:

போயிட்டு வந்தாச்சு. சொல்லாம இருக்க முடியல, அதான் வந்தேன்.

முந்தின ராத்திரி ஏழு நாள் கோட்டையும் பாத்தேன், நாலு நாள் கடல் வழி, மூணு நாள் ஊர் வழி. சரி ஆனது ஆகட்டும்னு போனோம். 5எஃப்ல அம்மா, நான் நடுவுல. துணியால தொடச்சேன், மெல்லிறகு சொன்ன அதே இடத்துல அதே திட்டு இருந்துச்சு.

கிளம்பி கொஞ்ச நேரத்துல மேகத்துக்குள்ள போனோம், ஜன்னல் பூரா வெள்ளை, அம்மா என் கைய பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரே அடில வெளிய வந்துச்சு பாருங்க, நீலமும் வெள்ளையும். அம்மா எதுவும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு, இவ்ளோ வெளிச்சம் எப்பவும் இங்க இருந்துக்கிட்டேதான் இருக்கா, நாம மழைன்னு உள்ள உக்காந்திருக்கறப்பவும்? அப்டின்னு கேட்டாங்க.

ஏழரை மணி வாக்குல வளையம் வந்துச்சு. நான் கீழ தேடச் சொல்லியிருந்தேன், அவங்கதான் மொதல்ல பாத்தாங்க. சின்ன நிழலு, சுத்தி சிவப்பும் பச்சையுமா ரெண்டு சுத்து. நம்ம கூடவே வருதே இது நம்மதான்னு நான் சொன்னேன், நடுவுல இருக்கறது நீ உக்காந்திருக்கற இடம்மான்னு சொன்னதும் கண்ணாடில விரல வச்சு அத தொட்டுப் பாத்தாங்க. மேகம் மேடா வர்றப்ப நிழல் கிட்ட வந்து பெருசா ஆகும், பள்ளத்துல போனா நிழல் சிறுத்து வளையம் மட்டும் நிக்கும். பதினஞ்சு இருபது நிமிஷம் கூடவே வந்துச்சு, மேகம் முடிஞ்சதும் போயிடுச்சு, அதுக்குப் பிறகு மலை. திசைகாட்டி சார், மடிப்பு மடிப்பா தெரியும்னு சொன்னீங்களே, ஒரு ஓடைய அது பொறக்கற இடத்துலேர்ந்து சமவெளி வர்ற வரைக்கும் கண்ணால புடிச்சுட்டே வந்தோம்.

காத்து எங்க பக்கம் இருந்துச்சு. கடல் மேல போயி இறங்கினோம், கரை வலது பக்கம், தண்ணில எங்க நிழலு மறுபடி வந்துச்சு, இப்ப றெக்கை வால் எல்லாம் தெரியற அளவுக்கு பெருசா, அலைய தாண்டி மணல்ல ஏறுச்சு, அப்பதான் விமானம் திரும்புச்சு.

வர்றப்ப ஏ சீட்டு. உண்மைய சொல்லணும்னா முத முக்கால் மணி நேரம் கூசத்தான் செஞ்சது, ஷேட பாதி இறக்கி வச்சிருந்தோம். சூரியன் மறைஞ்சதும் அம்மாவ பின்னாடி கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த கேபின் க்ரூ பொண்ணு, தாராளமா பாருங்கம்மான்னு சாப்பாடு எடுத்து வைக்கற இடத்து விளக்க அணைச்சே விட்டுட்டாங்க. கதவு ஜன்னல் உள்ளங்கை அகலந்தான், அம்மா நெத்திய ஒட்டி வச்சுக்கிட்டாங்க. கீழ கருநீலம், மேல ரோஜா கலரு, நடுவுல கோடு. அந்தப் பொண்ணும் எட்டிப் பாத்துட்டு, தினமும் இந்த ட்ரிப்ல வர்றேன், இது பூமி நிழல்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்னாங்க.

எல்லாருக்கும் பெரிய நன்றி. அம்மா இப்ப ராத்திரி எப்டி இருக்கும்னு கேக்கறாங்க. ராத்திரி ஃப்ளைட்டுக்கு எந்தப் பக்கம்?


அந்திநேரம் எழுதியது:

படிச்சு மனசு நெறைஞ்சுடுச்சு தம்பி. ராத்திரிக்கு நிலா எந்தப் பக்கம்னு பாத்து போடுங்க. பௌர்ணமிக்கு ரெண்டு மூணு நாள் முன்னப்பின்ன எடுத்தீங்கன்னா சூரியன் மாதிரியே கணக்கு, நிலாவுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்தா மேகம் பூரா வெள்ளி வெளிச்சம். அமாவாசைன்னா நட்சத்திரம், அதுக்கு றெக்கை நுனி விளக்கு கண்ணுல படாத வரிசை வேணும், மறுபடி அதே 5தான். தூரத்துல மழை மேகம் இருந்தா உள்ளுக்குள்ள மின்னல் ஓடறது தெரியும், சத்தமே கேக்காது. சால்வைய தலையோட சேத்து ஜன்னலுக்கு போர்த்திக்கச் சொல்லுங்க, கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் ஃபோன எடுக்க வேணாம்.